சுருட்டி வந்த காடு

கல்லுக்குழிப்புதூர்த் தறிவீதியில் நாச்சிமுத்து இறந்து பதினேழாம் நாள் காலையில், கருமாதிக்கு வந்த சொந்தங்களெல்லாம் பஸ் ஏறிப் போன பிறகு, அவர் பெண்டாட்டி மயிலாத்தாள் மூலையில் ஈரத்தோடு சுருண்டு கிடந்த கூடாரத்தைத் தூக்கிக்கொண்டு மொட்டை மாடிக்கு ஏறினாள். அப்படியே விட்டால் பூஞ்சை பிடித்துவிடும் என்று வெயிலில் விரித்தாள். முதல் மடிப்பைப் பிரித்ததும் ஓடைத் தண்ணீர் பாறையில் விழுகிற சத்தம் கேட்டது. தொட்டி நிரம்பி வழிகிறதோ என்று எட்டிப் பார்த்தாள். தொட்டி காலியாகத்தான் இருந்தது. இரண்டாம் மடிப்பில் சில்வண்டுகள் இரைந்தன. மூன்றாம் மடிப்பில் காட்டுக்கோழி ஒன்று கூவ, தூரத்திலிருந்து இன்னொன்று அதற்குப் பதில் கூவியது. நான்கு மூலையிலும் செங்கல் வைத்து, நடுவில் மூங்கில் கழியை ஊன்றி நிறுத்தியபோது, வேங்கைமலைக் காடு மொத்தமும் அந்தத் துணிக்குள் பேசிக்கொண்டிருந்தது. மயிலாத்தாள் வாசல் துணியை விலக்கி உள்ளே போய் உட்கார்ந்தாள். அழுகை வரவில்லை. துணி காய எவ்வளவு நேரமாகும் என்றுதான் முதலில் நினைத்தாள்.

அந்த வீதியில் நூற்றிப்பத்து வீடுகள். வீட்டுக்கு நாலு தறியோ எட்டுத் தறியோ, விடிவதற்கு முன் ஓட ஆரம்பித்தால் நூல் ஏற்றிய நாடா குறுக்கே பாய்ந்து அடிக்கிற அடியில் சுவரும் அதிரும், சுவரில் மாட்டிய சாமி படமும் அதிரும், சோற்றுத் தட்டில் ரசம் வட்டம் வட்டமாக நடுங்கும். பிறந்த குழந்தை முதலில் கேட்பது அந்தச் சத்தம். செத்தவரைத் தூக்கிக்கொண்டு போகும்போது ஊர் எல்லை வரைக்கும் கூட வருவதும் அதுதான். நாற்பது தாண்டியவர்களில் முக்கால்வாசிப் பேருக்கு அங்கே காது சரியில்லை. பாதிப் பேச்சைக் கத்துவார்கள், மீதியை உதட்டைப் பார்த்துப் புரிந்துகொள்வார்கள். கொஞ்சினாலும் சண்டை போட்டாலும் ஒரே குரல்தான். ரகசியம் பேச வேண்டியவர்கள் ஊருக்கு வெளியே கல்குழி மேட்டுக்கு நடந்துபோய்ப் பேசிவிட்டு வருவார்கள்.

இருபது வருசத்துக்கு முன்னால் நாச்சிமுத்து நூல் ஏற்றிப் போன வேன் ஒன்று மலைப்பாதையில் பழுதாகி நின்றது. டிரைவர் சாமான் வாங்கக் கீழே இறங்கிப் போய்விட்டார். பாதையோரக் கட்டைச்சுவரில் மூன்று மணி நேரம் தனியாக உட்கார்ந்திருந்தபோதுதான், தன் காதுக்குள்ளேயே எப்போதும் ஒரு தறி ஓடிக்கொண்டிருக்கிறது என்பது அவருக்குத் தெரிந்தது. அது கொஞ்சம் கொஞ்சமாக ஓய்ந்து, ஓய்ந்த இடத்தில் ஒரு காய்ந்த இலை பாறையில் விழுந்த சத்தம் கேட்டது. வீட்டுக்கு வந்து பெண்டாட்டியிடம் அதைச் சொல்லத் தெரியாமல், உள்ளங்கையில் விரல் நுனியால் ஒரு தட்டுத் தட்டிக் காட்டினார். பிறகு ஆர்டர் இல்லாத ஒரு வாரத்தில் தன் தறியிலேயே கெட்டியான காடாத் துணி நெய்து, அதற்கு மெழுகு காய்ச்சிப் பூசினார். மயிலாத்தாள் அதை வெட்டி, இரட்டைத் தையல் போட்டுக் கூடாரமாகத் தைத்தாள்.

அன்றிலிருந்து வருசத்துக்கு இரண்டு தடவை, பிள்ளை குட்டி இல்லாத அந்த இரண்டு பேரும் பஸ் ஏறிப்போய், வனத்துறையில் அனுமதிச் சீட்டு வாங்கி, வேங்கைமலையில் சோலைக்கல் என்கிற மலைக்குடியிருப்புக்குப் பக்கத்தில் ஓடைக்கரையில் கூடாரம் போட்டு மூன்று நாள் இருந்துவிட்டு வருவார்கள். ஊர் சனம் ஊட்டிக்குப் போகும், இவர்கள் ஒன்றுமே இல்லாத இடத்துக்குப் போகிறார்களே என்று வீதியில் சிரித்தார்கள். அங்கே போய் என்னதான் செய்வீர்கள் என்று கேட்டால், "சும்மா இருப்போமுங்க" என்பார் நாச்சிமுத்து. உண்மையும் அதுதான். அவர் ஒரு விரலைத் தூக்குவார், மயிலாத்தாள் கையில் இருக்கிற வேலையை நிறுத்துவாள், இரண்டு பேரும் கேட்பார்கள். இருவாச்சி தலைக்கு மேல் பறக்கையில் சிறகு போடுகிற ஓசையை அவர் ஒவ்வொரு தடவையும் கொல்லன் துருத்தி என்பார். அவளுக்குத்தான் காது கூர்மை. கருமந்திக் குரங்கு விளையாட்டுக்குக் கத்துவதும் சிறுத்தையைப் பார்த்துவிட்டுக் கத்துவதும் வேறு வேறு என்று அவளுக்குத் தெரியும்.

இந்தத் தடவை இரண்டாம் நாள் மாலை நாலு மணிக்கு அவர் டீ போட்டுக் குடித்துக்கொண்டிருந்தார். மயிலாத்தாள் தன் டம்ளரைக் கழுவ ஓடைக்குப் போனாள். திரும்பி வந்தபோது அவர் மூங்கில் கழியில் சாய்ந்து, வாயை லேசாகத் திறந்து, எதையோ கூர்ந்து கேட்பவர்போல் உட்கார்ந்திருந்தார். எதைக் கேட்கிறாரோ, கலைக்க வேண்டாம் என்று அவளும் அசையாமல் நின்றாள். வெகுநேரம் அப்படி நின்றாள். விறகு பொறுக்கிக்கொண்டு அந்தப் பக்கம் வந்த மருதி என்கிற சோலைக்கல்காரிதான் கிட்டத்தில் போய் அவர் பாதத்தைத் தொட்டுப் பார்த்து, "அக்கா, இவரு போயி நேரமாச்சு" என்றாள்.

அதற்குப் பிறகு ஜீப் வந்தது, ஆட்கள் வந்தார்கள், அவசரப்படுத்தினார்கள். நாச்சிமுத்து எப்போதும் கூடாரத்தை மூன்று தடவை பலமாக உதறிவிட்டுத்தான் சுருட்டுவார். அன்றைக்கு மயிலாத்தாள் உதறவில்லை. அப்படியே சுருட்டிக் கட்டிவிட்டாள்.

இப்போது மாடியில், கூடாரத்துக்குள், நாலு மணி ஆனதும் தீக்குச்சி உரசுகிற சத்தம் கேட்டது. சின்ன கேஸ் அடுப்பு சீறியது. டீ பொங்கியது, இரண்டு டம்ளர்கள் ஒன்றோடொன்று இடித்தன. முழங்கால் வலியோடு உட்காரும்போது அவர் விடுகிற மூச்சு கேட்டது. எழுந்து ஓடைக்கு நடந்து போன அவளுடைய சொந்தக் காலடியும் கேட்டது. அப்புறம் அவர் குரல்: "மயிலு, இங்க வா, துருத்தி போகுது, கேளு." கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. பிறகு இன்னொரு தடவை, மிக மெதுவாக, "மயிலு" என்றார். முதல் கூப்பாட்டை அவள் அன்றைக்கே கேட்டிருந்தாள்; இரண்டாவதை ஓடைச் சத்தம் மறைத்திருந்தது. அவர் இரண்டு தடவை கூப்பிட்டார் என்பது அவளுக்கு இப்போதுதான் தெரிந்தது.

அவள் "இங்கதாங்க இருக்கேன்" என்று பதில் சொன்னாள். அவர் அதற்கு ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த நாளும் அதே நாலு மணிக்கு அதே வரிசையில் எல்லாம் கேட்டது, அவளும் அதே பதிலைச் சொன்னாள், அப்போதும் அவர் ஒன்றும் சொல்லவில்லை.

வீதியில் இதை முதலில் அறிந்தவர் பக்கத்து வீட்டுத் திருமூர்த்தி. தறிக்குப் பாவு நூல் ஓட்டுகிறவர். இருபது வருசமாக இரண்டு காதும் சுத்தமாகக் கேட்காது. மயிலாத்தாள் இரண்டு நாளாகச் சாப்பிட்ட மாதிரி தெரியவில்லையே என்று தூக்குப்போசியில் சோறு எடுத்துக்கொண்டு மாடிக்கு வந்தவர், கூடாரத்துக்குள் தலையை நுழைத்து, "யாரு இங்க தண்ணி ஊத்தறது?" என்று கேட்டார். கேட்டவர் அப்படியே மண்டியிட்டு உட்கார்ந்துவிட்டார். வெளியே தலையை எடுத்தார், ஒன்றும் கேட்கவில்லை. உள்ளே நுழைத்தார், தண்ணீர் விழுந்தது. ஏழெட்டுத் தடவை தலையை வெளியே எடுப்பதும் உள்ளே நுழைப்பதுமாக இருந்துவிட்டு, கடைசியில் உள்ளேயே இருந்துகொண்டார். சோறு ஆறிப் போனது.

அதன்பிறகு வீதி ஏறி வந்தது. எப்படிக் காடு துணிக்குள் வந்தது என்று யாரும் ரொம்ப ஆராயவில்லை; செருப்பை எங்கே விடுவது, ஒரு நேரத்தில் எத்தனை பேர் உட்காருவது, கைக்குழந்தைக்காரர்களை முதலில் விடலாமா வயசானவர்களை விடலாமா என்பதையெல்லாம்தான் பேசி முடிவு செய்தார்கள். செருப்பு மாடிப்படிக்குக் கீழே, ஒரு நேரத்துக்கு ஆறு பேர், காலையில் ஆண்கள், உச்சி வெயிலுக்குப் பெண்கள் என்று ஆனது. நாலு மணிக்கு மட்டும் யாரும் வரக்கூடாது என்று மயிலாத்தாள் சொன்னாள், ஏன் என்று ஒருவரும் கேட்கவில்லை. தறி முதலாளிகள் சங்கத்தின் தலைவர் ஆறுக்குட்டி, ஆட்கள் வேலையை விட்டுவிட்டு மாடியேறுகிறார்கள் என்று சத்தம் போட வந்தார். வந்தவர் உள்ளே போய் இரண்டு மணி நேரம் கழித்து இறங்கி, நேராகப் போய்த் தன் பதினாறு தறியையும் நிறுத்தினார். அன்றிலிருந்து ஒரு மணிக்கும் இரண்டு மணிக்கும் நடுவில் வீதி முழுக்கத் தறி நின்றது. அந்த நேரத்தில் காடு மாடியிலிருந்து வழிந்து வீதியில் இறங்கியது. பாவு நீட்டிய கழிகளுக்கு மேலாக மரங்கொத்தி தட்டுவது கேட்கும், வாசலில் படுத்திருக்கிற நாய்கள் கடமான் கத்தினால் எழுந்து நின்று, எந்தப் பக்கம் குரைப்பது என்று தெரியாமல் மறுபடியும் படுத்துக்கொள்ளும்.

அப்புறம் வீதியில் குரல்கள் தணிந்தன. தணிந்ததில் நல்லதும் நடந்தது, கெட்டதும் நடந்தது. ஏழு வயசுப் பெண்குழந்தை ஒன்றுக்குத் திக்குவாய் இருப்பதை அதைப் பெற்றவள் அப்போதுதான் அறிந்தாள். பதினெட்டு வருசம் ஒற்றுமையாகக் குடித்தனம் நடத்திய ஒருத்தன், தன் பெண்டாட்டி சோறு போடும்போதெல்லாம் வாய்க்குள் முணுமுணுப்பது இன்னதென்று முதல் தடவையாகக் காதில் வாங்கி, தட்டை அப்படியே வைத்துவிட்டு எழுந்து போனான். ஆறுக்குட்டியின் மகள், தூங்குகிற அப்பாவின் மூச்சில் ஒரு விசில் இருப்பதைக் கேட்டு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனாள். மாடியில் உட்கார்ந்திருந்தவர்கள், யாரிடமும் சொல்லாத சாவுகளை, கலைந்துபோன கர்ப்பங்களை, மறந்துவிட்டதாக நினைத்திருந்த ஆட்களை நினைத்து அழுதார்கள். அழுகிறவர் முதுகில் பக்கத்தில் இருக்கிறவர் கை வைப்பது என்று ஒரு வழக்கமும் தானாக வந்தது. ஆடி போய், ஆவணி போய், புரட்டாசியும் போனது.

ஐப்பசி மூன்றாம் வாரம் ஒரு நடுப்பகலில், மருதி தோளில் துணிப்பை மாட்டிக்கொண்டு, இரண்டு பஸ் மாறி, வழி கேட்டுக் கேட்டு அந்த வீதிக்கு வந்தாள். ஓடைக்கரையில் நாச்சிமுத்துவின் மூக்குக்கண்ணாடி கிடந்தது. அதைச் சேர்த்துவிட்டு, கூடவே ஒரு விசயத்தையும் கேட்டுவிட்டுப் போகலாம் என்று வந்தாள். ஒரு மணி ஆகித் தறிகள் நின்றன. வீதியின் நடுவில் மருதியும் நின்றாள். மாடியிலிருந்து கருமந்தி ஒன்று கூப்பிட்டது. அவள் பை நழுவிக் கீழே விழுந்தது.

மயிலாத்தாள் அவளைக் கையைப் பிடித்து மாடிக்குக் கூட்டிப்போனாள். உட்கார்ந்திருந்த பெண்கள் அவள் முகத்தைப் பார்த்துவிட்டு எழுந்து வழிவிட்டார்கள். மருதி உள்ளே போய்ச் சம்மணமிட்டு உட்கார்ந்து, ஒவ்வொன்றாகக் கேட்டாள். "இது ஓடைக்கு மேல இருக்கற பெரிய கருமந்தி. இது கிழக்குச் சரிவு மரங்கொத்தி" என்றாள். பிறகு எங்கோ ஒரு மரக்கிளை முறிந்தது. பெரிய வயிறு ஒன்றிலிருந்து தாழ்ந்த உறுமல் ஒன்று வந்து தரையில் பரவியது. மருதி அதற்குப் பேர் சொல்லவில்லை. கையால் தரையைத் தொட்டுக்கொண்டே இருந்தாள்.

வெளியே வந்து டீயை வாங்கிக் குடித்துவிட்டுச் சொன்னாள்.

"அன்னிக்கு ஜீப்பு போனதுல இருந்து எங்க மலையில சத்தமே இல்லீங்க அக்கா. மொதல்ல சாவு விழுந்த எடமாச்சே, அதான் இப்படி இருக்குதுன்னு நெனச்சோம். அப்புறம் பாத்தா ஓடை விழுகுது, சத்தமில்ல. குருவி வாயத் தொறக்குது, சத்தமில்ல. நாங்க பேசறது கேக்குது, நாய் கொரைக்கறது கேக்குது. காட்டுச் சத்தம் மட்டும் இல்ல."

"அப்புறம்?" என்றாள் மயிலாத்தாள்.

"கருமந்தி கத்தறது கேக்காம மானுங்க நின்ன எடத்துலயே நிக்குது, சிறுத்தை வந்து எடுத்துட்டுப் போவுது. எங்க வீட்டுக்காரரு பொம்மன், புரட்டாசி மாசம் காலைல தேன் பாக்கப் போனாரு. ஆனை பின்னால வந்திருக்குது. கிளை முறியற சத்தம் கேட்டிருந்தா ஒதுங்கி நின்னிருப்பாரு. முப்பது வருசமா ஒதுங்கினவரு." கிளாசைக் கீழே வைத்தாள். "ஆனையும் பாவந்தான். இவரு சருகுல நடக்கறது அதுக்குக் கேக்கல."

மயிலாத்தாள் நீட்டிய கையில் மருதி மூக்குக்கண்ணாடியை வைத்தாள். ஒரு கண்ணாடியில் கீறல் விழுந்திருந்தது.

"மூணு நாள்ல கொண்டாறேன்" என்றாள் மயிலாத்தாள்.

"சரிங்க அக்கா" என்றாள் மருதி. பையைத் தோளில் மாட்டிக்கொண்டு எழுந்தாள். திட்டியிருந்தால் தேவலை என்று மயிலாத்தாளுக்கு இருந்தது.

மூன்று நாள் போனது. வீதி கூடியது. ஆறுக்குட்டி நல்ல மனிதர்தான், ஆனாலும் அவர் சொன்னார்: "அவங்களுக்கு அத்தனை பெரிய மலை இருக்குது. நமக்கு இந்த மாடி ஒண்ணுதானுங்க இருக்குது." ஒருத்தர், ஆறு மாசம் அங்கே ஆறு மாசம் இங்கே வைத்துக்கொள்ளலாம் என்றார். இன்னொருத்தர், யானைச் சத்தத்தை மட்டும் தனியாகப் பிரித்துக் கொடுத்தனுப்ப முடியுமா என்று விசாரித்தார். திக்குவாய்க் குழந்தையின் அம்மா, கூடாரத்தில் உட்கார்ந்தால் மட்டும் திக்காமல் பேசுகிற குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு மயிலாத்தாளையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒவ்வொருத்தர் சொன்னதற்கும் மயிலாத்தாள் தலையாட்டினாள். அவர்களைக் காரணம் சொல்லித் தான்தான் நாளைக் கடத்துகிறோம் என்பது அவளுக்குத் தெரிந்தே இருந்தது. தினமும் நாலு மணி ஆனதும் மாடிக்குப் போனாள். தீக்குச்சி, அடுப்பு, டம்ளர், மூச்சு, துருத்தி. பிறகு அந்த இரண்டாவது கூப்பாடு. ஒவ்வொரு நாளும் "இங்கதாங்க இருக்கேன்" என்றாள். நாலாம் நாள், ஐந்தாம் நாள், எட்டாம் நாள் என்று ஓடியது.

பத்தாம் நாள் திருமூர்த்தி வந்து கூடாரத்துக்கு வெளியே, தனக்குக் காது கேட்காத இடத்தில், நின்றுகொண்டார். ஊருக்கே கேட்கும்படி கத்திச் சொன்னார்:

"எனக்குக் கேட்டது போதும் மயிலாத்தா. அந்தப் பொம்பள உக்காந்து எந்திரிச்ச எடத்துல என்னால உக்கார முடியல."

சொல்லிவிட்டுத் தானே செங்கற்களை ஒவ்வொன்றாக எடுத்து ஓரமாக அடுக்கினார்.

பதினோராம் நாள் காலையில் மயிலாத்தாள் கூடாரத்தைச் சுருட்டி மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் உட்கார்ந்தாள். வீதி சனம் பஸ் நிறுத்தம் வரைக்கும் வந்தது. உள்ளே காட்டுக்கோழி கூவியதும் கண்டக்டர் நின்றார்.

"என்னம்மா, கோழி வச்சிருக்கீங்களா?"

"காட்டுக்கோழிங்க."

"அதெல்லாம் புடிக்கக் கூடாதும்மா, கேஸாயிடும்."

"சத்தம் மட்டுந்தானுங்க. கோழி மலையில இருக்குது."

"அப்பச் சரி" என்று அவர் அடுத்த சீட்டுக்குப் போனார்.

சோலைக்கல்லில் இறங்கி நடந்தபோது, ஓடை வெள்ளையாக விழுந்துகொண்டிருந்தது, சத்தமில்லை. மரங்கள் காற்றில் வளைந்து நிமிர்ந்தன, சத்தமில்லை. குடிசைகளுக்கு வெளியே சனங்கள் ஒரு கண்ணைக் காட்டின் மேலேயே வைத்துக்கொண்டு வேலை செய்தார்கள். பிள்ளைகளின் இடுப்பில் கயிறு கட்டித் தூணில் முடிந்திருந்தார்கள். மருதி வந்து கூடாரத்தின் ஒரு முனையைத் தூக்கிக்கொண்டாள். வழியில், நீர்ப்பள்ளத்துக்குப் பக்கத்தில், புதிதாக மூடிய பெரிய மண்மேடு ஒன்று இருந்தது.

"ஆனைக்குட்டி" என்றாள் மருதி. "ஆத்தாக்காரி கூப்படறது கேக்காம தனியா சுத்திக்கிட்டே இருந்துச்சு. அஞ்சு நாளாச்சு பொதைச்சு."

மயிலாத்தாள் நின்றுவிட்டாள். கணக்குப் போட வேண்டியிருக்கவில்லை. சொன்ன நாளில் வந்திருந்தால் அது உயிரோடு இருந்த நாள். அவள் மண்மேட்டின் ஓரத்தில் உட்கார்ந்து, கையில் மண்ணை எடுத்து, மறுபடியும் அங்கேயே போட்டாள். மருதி கொஞ்ச தூரத்தில் நின்று காத்திருந்தாள்.

பழைய இடத்திலேயே கூடாரத்தை விரித்தார்கள். வாசலைத் திறந்துவிட்டார்கள். ஒன்றும் வெளியே போகவில்லை. இரண்டு பக்கமும் பிடித்து மூன்று தடவை உதறினார்கள். துணியிலிருந்து தூசி பறந்தது. சத்தம் உள்ளேயே இருந்தது. இத்தனை மாதம் மடிப்பிலும் தையலிலும் கிடந்து நூலோடு நூலாக ஊறிப்போயிருந்தது. மயிலாத்தாள் சுருக்குப்பையிலிருந்து பிளேடை எடுத்தாள். தானே போட்ட தையல். எந்த முனையில் தொடங்கினாள் என்பது இன்னும் நினைவிருந்தது. அந்த முனையிலிருந்து பிரிக்க ஆரம்பித்தாள்.

முதல் தையல் பிரிந்ததும் ஓடை கேட்டது. குடிசைகளிலிருந்து சனங்கள் வெளியே வந்தார்கள். அடுத்ததில் சில்வண்டுகள் ஒரே இரைச்சலாக வெளியேறி மரங்களில் ஏறின. மேல்தையலைப் பிரிக்கையில் பூங்குருவி சீட்டியடித்துக்கொண்டு போனது, அதன் பின்னாலேயே காட்டுக்கோழி, மரங்கொத்தி, மலை அணில். கிளையில் சும்மா வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்த கருமந்தி தன் குரலையே கேட்டுத் திடுக்கிட்டு ஒரு கிளை கீழே இறங்கியது. இலைகளின் சத்தம்தான் நிறைய இருந்தது. அது போய் முடிய வெகுநேரம் ஆனது. மருதி பிரிந்த துண்டுகளை வாங்கி மடித்துப் பக்கத்தில் அடுக்கிக்கொண்டே வந்தாள். பிள்ளைகளின் இடுப்புக் கயிற்றை யாரோ அவிழ்க்கத் தொடங்கினார்கள்.

கடைசியாக மிஞ்சியது வாசலிலிருந்து நடுவில் மூங்கில் கழி நிற்கிற இடம் வரைக்கும் போகிற தையல். அப்போது மணி நாலு ஆகியிருந்தது. அதற்குள்ளிருந்து தீக்குச்சி உரசுகிற சத்தம் வந்தது. மருதி கேட்டாள். அடுப்பையும், டம்ளரையும், மூச்சையும் கேட்டாள். அவள் முகம் மாறியது.

"அக்கா, அதை விட்டுடுங்க. அது உங்களுது. அதை மட்டும் வெட்டி எடுத்துட்டுப் போங்க."

மயிலாத்தாளுக்கும் அதுதான் ஆசை. ஒரு முழத் துணிதான். தலையணைக்குக் கீழே வைத்துக்கொள்ளலாம். பிளேடைத் தாழ்த்தினாள். அப்போது, அவர் விட்ட மூச்சுக்கு அடியில், அதோடு பின்னிக்கொண்டு, அந்தப் பெரிய வயிற்றின் தாழ்ந்த உறுமல் கேட்டது. யானைகள் ஒன்றையொன்று கூப்பிடுகிற குரல். அன்றைக்கு அவர் சாய்ந்து உட்கார்ந்திருந்த நேரத்தில் எங்கோ பக்கத்தில் அவை நின்றிருக்கின்றன. அவர் கடைசியாகக் கேட்டுக்கொண்டிருந்தது அதைத்தானோ என்னவோ. இரண்டும் ஒரே தையலில் இருந்தன. எதை எதிலிருந்து பிரிப்பது என்று பார்த்தாள். பிரிக்கிற மாதிரி இல்லை.

"மயிலு, இங்க வா, துருத்தி போகுது, கேளு" என்றார் நாச்சிமுத்து.

அவர் மறுபடியும் கூப்பிடுவதற்குக் காத்திருந்தாள். மெதுவாக அவர் கூப்பிட்டதும், இந்தத் தடவை பதில் சொல்லாமல், பிளேடை வைத்துத் தையலை ஒரே இழுப்பாக இழுத்தாள். உறுமல் தரையோடு தரையாக ஓடிப் பள்ளத்தில் இறங்கியது. அந்தப் பக்கத்துச் சரிவிலிருந்து இன்னொரு உறுமல் பதிலுக்கு வந்தது. அவர் குரல் ஓடை வரைக்கும் போனது. ஓடைச் சத்தத்துக்குள் போனபின் அது எது, தண்ணீர் எது என்று தெரியவில்லை. கூர்மையான காதுதான் அவளுக்கு, ஆனாலும் தெரியவில்லை. அவள் கையில் வெறும் காடாத் துணி இருந்தது. அப்போதுதான் அழுதாள். சாவு வீட்டில் அழாததையும், கருமாதியில் அழாததையும், அந்தக் குட்டிக்கு அழ வேண்டியதையும் சேர்த்து, சோலைக்கல் முழுக்கக் கேட்கும்படி அழுதாள். மருதி அவள் முதுகில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கொஞ்ச நேரம் கழித்து அவளும் பொம்மனை நினைத்து அழுதாள்.

வீதியில் அவளை யாரும் கோபித்துக்கொள்ளவில்லை. ஒரு மணிக்குத் தறி நிற்பது ஒரு வாரத்துக்கு நடந்தது, பிறகு நின்ற நேரத்தில் கேட்க ஒன்றுமில்லாமல் சனங்களுக்குப் பயமாக இருந்தது, தறிகளை ஓடவிட்டார்கள். குரல்கள் பழையபடி உயர்ந்தன. அந்தக் குழந்தை மறுபடியும் திக்கியது. ஆனால் இப்போது அதன் அம்மா குனிந்து, வாக்கியம் முடிகிற வரைக்கும் பொறுத்திருந்து கேட்டாள். திருமூர்த்தி தன் செவிட்டுத்தனத்துக்குத் திரும்பிப் போனார். எப்போதாவது தூக்குப்போசியோடு வந்து, மயிலாத்தாளுக்கு எதிரில் உட்கார்ந்து, அவள் சாப்பிட்டு முடிக்கிறாளா என்று பார்த்துவிட்டுப் போவார்.

தை மாதம் ஒரு காலை, மயிலாத்தாள் நாலு தறிக்கும் நடுவில் நின்றுகொண்டிருந்தபோது மடியில் போன் அதிர்ந்தது. எடுத்துக் காதில் வைத்து, மறு காதை உள்ளங்கையால் அடைத்துக்கொண்டாள். மருதி கத்திச் சொன்னது பாதி விட்டு விட்டு வந்தது: ஆனைக்கூட்டம் இறங்குது, கிளை முறியறது கேட்டுச்சு, புள்ளைங்களை எல்லாம் உள்ள கூப்புட்டாச்சு, இந்தாங்க நீங்களும் கேளுங்க. பிறகு அவள் பேசுவது நின்றது. போனைக் காட்டுப் பக்கமாக நீட்டிப் பிடித்திருக்கிறாள் என்று மயிலாத்தாளுக்குப் புரிந்தது. காதோடு அழுத்திக்கொண்டு கண்ணை மூடினாள். அவளுடைய நாலு தறிகள்தான் கேட்டன.

"கேக்குதுங்களா அக்கா?" என்றாள் மருதி.

"கேக்குது சாமி" என்றாள் மயிலாத்தாள். "நல்லாக் கேக்குது."

இரண்டாம் தறியில் நூல் அறுந்திருந்தது. போனை மடியில் செருகிக்கொண்டு, தறியை நிறுத்தி, அறுந்த இரண்டு முனைகளையும் தேடி எடுத்து முடிச்சுப் போட்டாள்.